கழுவாத கோப்பைகள்

“காபி வேண்டாம்னு அவகிட்ட சொல்லு, ட்ரூடி!”

ராய்ஸ் இதைச் சொன்னபோது அந்த ‘அவள்’ மூன்றடி தள்ளி, கையில் காபிக் கெண்டியோடு நின்றிருந்தாள். இருபத்தொன்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்த மனைவி. காது அவளுக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் ஒரு வருஷமாக அந்த வீட்டில் கணவனின் பேச்சு மனைவிக்கு வந்து சேர, நாத்தனார் என்றொரு தபால்காரி தேவைப்பட்டாள்.

அந்த வேலை ட்ரூடிக்குப் பிடித்தும் இருந்தது.

“வேண்டாமாம், நோரீன்,” என்றாள், முட்டைமேல் மிளகுத்தூளைத் தட்டிக்கொண்டே. “கொட்டகையிலயே போட்டுக் குடிச்சுட்டானாம். பாவம் என் தம்பி... சொந்த வீட்டுல ஒரு வாய் காபி குடிக்கக் கொடுத்து வைக்கல!”

நோரீன் கெண்டியை அடுப்பின்மேல் திரும்ப வைத்தாள். பதில் சொன்னால் ட்ரூடிக்கு இன்றைய பொழுது நன்றாகப் போகும். அந்த உபகாரத்தை ஏன் செய்ய வேண்டும்?

ராய்ஸ் தொப்பியை முழங்காலில் தட்டினார். “இன்னொண்ணும் சொல்லிடு. நேத்து சாயங்காலம் கர்ட்டிஸ் வேலையை விட்டு நின்னுட்டான். ஆறு வண்டி வச்சிருக்கிறவன்கிட்டப் போயிட்டானாம். இப்ப வண்டிக்கு நானும் ஹெக்டரும்தான். மூணாவது ஆள் இல்லாம நம்ம வண்டியை எவனும் கூப்பிட மாட்டான். இன்னிக்கு ராத்திரி மலைப்பக்கம் மழையில்லாத மின்னல்னு வானிலைக்காரன் சொல்றான்...” தொண்டையைச் செருமிக்கொண்டார். “டேரனுக்குப் போன் பண்ணிட்டேன். வர்றான். மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க இருப்பான்.”

நோரீனின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

“பாருடா! பெத்த பிள்ளை ஒரு வருஷம் கழிச்சு வர்றான்னா தாய் முகம் மலரணும். இவ முகம் வெளுக்குது!” என்றாள் ட்ரூடி.

ராய்ஸ் எழுந்து வெளியே போனார். கம்பிவலைக் கதவு அவர் பின்னால் படாரென்று அடித்துக்கொண்டது. முற்றத்தைக் கடந்தால் கொட்டகை. கொட்டகைக்குள் அந்த வண்டி. வண்டியின் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில். போன ஜூலையிலிருந்து அவர் படுக்கை அங்கேதான்.

வண்டிக்கு மேபல் என்று பெயர். ராய்ஸுக்கும் ட்ரூடிக்கும் தாயாரின் பெயர் அது. தாயார் விட்டுப்போன மேய்ச்சல் நிலத்தை விற்றுத்தான் அக்காவும் தம்பியுமாக முதல் வண்டியை வாங்கினார்கள். இப்போது இருப்பது மூன்றாவது மேபல். முந்நூறு காலன் தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்ப், சுருட்டி வைத்த குழாய்கள், முன்னால் இரண்டு பேரும் பின்னால் ஒருவரும் உட்காரும் அறை. காடு எரியும்போது அரசாங்கத்தின் வண்டிகள் போதாமல் போகும். அப்போது கட்டுப்பாட்டு அறையிலிருந்து இந்த மாதிரித் தனியார் வண்டிகளை வரிசையாகக் கூப்பிடுவார்கள். ஓரிகனின் கிழக்குப் பக்கத்தில் அந்த வரிசையில் மேபலுக்கு முதலிடம். இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட ராய்ஸ் அழைப்பை மறுத்ததில்லை. போன வருஷம் ஜூலை பதினொன்றாம் தேதி வரைக்கும்.

அன்று விடியற்காலையில் போன் அடித்தபோது ராய்ஸ் கொட்டகையில் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். போனை எடுத்தவள் நோரீன்.

“வண்டி வராது,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முந்தின நாளே ‘ஆள் இல்லை’ என்று பதிந்திருந்தால் குற்றமில்லை. ‘தயார்’ என்று பதிந்துவிட்டு, கூப்பிடும்போது வரமாட்டேன் என்றால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். அந்த வருஷம் மாநிலமே எரிந்தது. ஊரிலுள்ள வண்டியெல்லாம் புகையில் முங்கி எழுந்து வந்தது. மேபல் மட்டும் செப்டம்பர் வரைக்கும் கொட்டகையில் கல்யாணமாகாத பெண்ணைப் போல் துடைத்துவைத்த பளபளப்போடு நின்றது.

“ஏன்?” என்று ராய்ஸ் கேட்டார், அன்று ஒரே ஒரு முறை.

“எனக்குப் பயமா இருந்துச்சு, ராய்ஸ்... உங்களையெல்லாம் அனுப்ப மனசு வரல.”

அவ்வளவுதான். அதன்பிறகு அவர் அவளிடம் பேசவில்லை.

அவள் சொன்னது பொய். உண்மை அன்று சலவை அறைத் தரையில் கிடந்தது. போன் அடிப்பதற்குக் கால்மணி நேரம் முன்னால், தோய்க்காத துணிக் கூடைக்குப் பக்கத்தில், இருபத்தேழு வயது டேரன் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். அவன் இரண்டு கையும் நடுங்கின.

“அம்மா... போன வருஷத் தீயில, அந்த மேட்டுல வண்டியை ஓட்டினது நான் இல்லம்மா. ரெண்டு பக்கமும் நெருப்பு வந்ததும் என் கை ஸ்டியரிங்கோட ஒட்டிக்கிச்சு. ஹெக்டர்தான் என்னைத் தள்ளிட்டு, என் மடியில ஏறி உக்காந்து ஓட்டினான்... அப்பா கீழே இருந்தாரு, பாக்கல. ‘என் பையன் தீக்குள்ள ஓட்டிக்கிட்டு வந்தான்’னு ஊர் பூரா சொல்லிட்டாரு. நான் எப்படிம்மா இல்லைன்னு சொல்றது? இன்னிக்குக் கூப்பிட்டா நான் ஏறிடுவேன். ஏறினா அவங்க ரெண்டு பேரையும் சாகடிச்சுடுவேன்... அப்பாகிட்ட சொல்லிடாதே. சத்தியம் பண்ணு!”

அவள் சத்தியம் செய்தாள். அதற்குள் போன் அடித்தது.

டேரன் அந்த மாதமே பாய்ஸி நகரத்துக்குப் போய் ஓடு விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மாவுக்குப் போன் செய்வதையும் குறைத்துக்கொண்டான். காப்பாற்றியவளின் குரலைக் கேட்பது காப்பாற்றப்பட்டவனுக்குச் சில சமயம் கஷ்டம். நோரீனுக்கு அது புரிந்தது. ஆனால் புரிவதால் வீடு நிறைந்துவிடுமா?

கழுவுதொட்டிக்கு மேலே கொக்கியில் மூன்று கோப்பைகள் தொங்கின. ராய்ஸின் பச்சைக் கோப்பை, ஹெக்டரின் கீறல் விழுந்த கோப்பை, டேரனின் மீன் படம் போட்ட கோப்பை. வண்டி புறப்படும் காலையில் அவரவர் குடித்த கோப்பையை நோரீன் கழுவமாட்டாள். பதினான்கு நாளோ இருபத்தொரு நாளோ, வண்டி திரும்பி முற்றத்தில் நிற்கும்வரை, அடியில் காபி காய்ந்து கறுத்த கோப்பைகள் தொட்டியோரத்தில் அப்படியே இருக்கும். எறும்பு வரும். வந்தால் வரட்டும். கழுவினால் ஆள் திரும்பமாட்டான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வருஷம், கைக்குழந்தையோடு தனியாக இருந்தபோது, தானாக வந்த பயம் அது.

போன ஜூலையில் அவள் அந்த மூன்றையும் கழுவி மாட்டினாள். அதற்குப் பிறகு யாரும் அவற்றில் குடிக்கவில்லை.

*

கொட்டகையில் ஹெக்டர் பம்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருஷமாக மேபலில் இருப்பவன். நோரீனைத் ‘தோன்யா’ என்பான். அவனுடைய ஸ்பானிஷ் பேச்சில் மரியாதைக்குரிய பெண்மணிக்கு அப்படித்தான்.

ராய்ஸ் பெட்ரோல் வாங்கி வரப் போயிருந்தார். நோரீன் வாசலில் நின்றாள்.

“டேரன் வர்றானாம், ஹெக்டர்.”

அவன் கையிலிருந்த ஸ்பானர் நின்றது.

“வண்டியிலயா, தோன்யா?”

“வண்டியில.”

ஹெக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். ‘இவனும் யாரிடமும் சொல்லவில்லை’ என்று நோரீன் நினைத்துக்கொண்டாள். ஒரே முற்றத்தில், ஒரே ரகசியத்தை, இரண்டு பேர் தனித்தனியாக ஒரு வருஷம் சுமந்திருக்கிறார்கள்! சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை.

“அவன் ஏற மாட்டான். அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன்,” என்றாள்.

“தினம் காலையில ஸ்கூல் மைதானத்துக்குப் போறீங்களே... அதுவா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மணல் மூட்டையை முதுகுல கட்டிக்கிட்டு ஒரு பொம்பளை விடியக்காலம் சுத்தி சுத்தி நடந்தா, இந்த ஊர்ல மாட்டுக்குக்கூடத் தெரியும், தோன்யா.”

மாட்டுக்குத் தெரிந்திருந்தது. கணவனுக்குத் தெரியவில்லை. “விடிஞ்சும் விடியாம எங்கேயோ போறா, ராய்ஸ். என்னன்னு கேளு,” என்று ட்ரூடி இரண்டு முறை சொன்னாள். அவர் கேட்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ‘எங்கே போகிறாய்’ என்று கேட்க ஆளில்லாத வீட்டிலிருந்து தினமும் இருட்டில் கிளம்பி, இருட்டு விலகும்போது அதே வீட்டுக்குத் திரும்புவது... இந்த ஐந்து மாதத்தில் அவள் நடந்த தூரமெல்லாம் கால் வலிக்கவில்லை. திரும்பும்போது கதவைத் திறக்கும் அந்த ஒரு நிமிஷம்தான் வலித்தது.

*

டேரன் இளைத்திருந்தான். முன்நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. அம்மாவை அணைத்துக்கொண்டபோது அவன் முதுகெலும்பு அவள் உள்ளங்கையில் தட்டியது.

“சாப்பிடுறியாடா ஒழுங்கா?”

“சாப்பிடுறேம்மா.” கண்ணைப் பார்க்கவில்லை.

மாட்டிறைச்சியும் பீன்ஸும் மேசைக்கு வந்தன. ராய்ஸ் ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மகன் வந்த குஷி. ஹெக்டரின் தோளில் தட்டினார்.

“இப்பச் சொல்லு! வருமா வராதா நம்ம மேபல்? அன்னிக்கு அந்த மேட்டுல எப்படி ஓட்டினான்! வலது பக்கம் நெருப்பு, இடது பக்கம் நெருப்பு, நடுவுல ரோடே தெரியல. வேற எவனா இருந்தாலும் வண்டியை விட்டுட்டு ஓடியிருப்பான். என் பையன்...”

மேசைக்கடியில் டேரனின் கை தொடையை இறுக்கிப் பிடித்திருந்தது. நோரீனுக்கு அது தெரிந்தது. எழுந்தாள். அலமாரி டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து ராய்ஸின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தீயணைக்கப் போகத் தகுதியானவர்களுக்குத் தரும் அட்டை. அதில் நோரீனின் பெயர் இருந்தது.

“மூணாவது ஆள் நான்,” என்றாள். ஒரு வருஷத்தில் கணவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. “வகுப்புக்குப் போய் எழுதிட்டேன். நாப்பத்தஞ்சு பவுண்டைச் சுமந்து, நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள மூணு மைல் நடக்கணும். மார்ச்ல தோத்துட்டேன். ஏப்ரல்ல நாப்பத்தினாலரை நிமிஷத்துல முடிச்சேன். அவன் ஊருக்குத் திரும்பிப் போகட்டும்.”

ட்ரூடி வாயைப் பிளந்தாள். “அம்பத்தினாலு வயசுல உனக்குப் புத்தி பிசகிடுச்சா? சர்ச் விற்பனைக்குப் போறேன்னு சனிக்கிழமை சனிக்கிழமை போனது இதுக்கா?”

ராய்ஸ் அட்டையைத் தொடவில்லை. அவர் முகம் சிவந்தது. அவரும் நேராகவே பேசினார்.

“நீயா? பயத்துல போனை வச்சவதானே நீ! என் இருபத்தாறு வருஷ வார்த்தையை ஒரே வரியில கெடுத்தவ! இப்ப என்ன... பெத்த பிள்ளை ஒரு பேர் எடுத்தாக்கூட உனக்குப் பொறுக்கலையா? அவனை வளரவே விட மாட்டியா? நெருப்பைக் கண்டா நடுங்குற ஆளை என் வண்டியில ஏத்த மாட்டேன்!”

“சரி,” என்றாள் நோரீன். “என்னை என்ன வேணாலும் சொல்லு. அவனை ஏத்தாதே.”

“ஏன்? காரணம் சொல்லு!”

அவள் வாயை மூடிக்கொண்டாள். சத்தியம் சத்தியம்தான்.

“பாத்தியா... சொல்ல ஒண்ணுமில்ல. பயந்தாங்கொள்ளி!”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. டேரன் எழுந்து நின்றிருந்தான்.

“நான்தான் அப்பா அது!”

ட்ரூடி கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

“பயந்தாங்கொள்ளி நான்தான். அந்த மேட்டுல நான் ஓட்டல. என் கை வரல. ஹெக்டர் ஓட்டினான். போன வருஷம் போன் வந்த அன்னிக்கு நான் சலவை ரூம்ல வாந்தியெடுத்துக்கிட்டு இருந்தேன். அப்பாகிட்ட சொல்லாதேன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கினேன். அவங்க எனக்காகப் பொய் சொன்னாங்க... நான் ஓடிப்போயிட்டேன். ஒரு வருஷமா அவங்க இங்க...” அவனால் முடிக்க முடியவில்லை. அம்மாவின் காலடியைப் பார்த்தான். செருப்புக்கு மேலே குதிகாலில் வரிசையாகப் பழைய கொப்புளத் தழும்பு. “இதுவும் எனக்காகத்தானேம்மா?”

நோரீன் அவனை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய பையன் குழந்தையைப் போல் குலுங்கினான்.

ராய்ஸ் மெதுவாக ஹெக்டர் பக்கம் திரும்பினார். “நிஜமா?”

ஹெக்டர் நாப்கினை மடித்து, விரித்து, மறுபடி மடித்தான்.

“நிஜம்தான், பாஸ்.”

“ரெண்டு வருஷமா உன் முன்னாடியே இந்தக் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நீங்க சொல்ற விதம் ரொம்ப நல்லா இருந்துச்சு. கெடுக்க மனசு வரல... அதுவும் இல்லாம, கை ஒட்டிக்கிறது யாருக்கும் நடக்கும் பாஸ். அன்னிக்கு அவனுக்கு. நாளைக்கு எனக்கு.”

ட்ரூடி சத்தமில்லாமல் எழுந்து அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டாள். தபால்காரிக்கு இன்று வேலையில்லை.

ராய்ஸ் மகனிடம் போனார். அவன் கழுத்தின் பின்னால் கையை வைத்து, தன் நெற்றியை அவன் நெற்றியில் முட்டினார். “என் தப்புடா... நான் சொன்ன கதையை நீ தூக்கிச் சுமக்கும்படி ஆயிடுச்சே!” பிறகு மனைவியைப் பார்த்தார். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“நோரீன்... நான்...”

“இரு, ராய்ஸ். நான் ஒண்ணு கேக்கணும்.” அவள் அழுதுகொண்டேதான் கேட்டாள். ஆனால் நிறுத்தி நிறுத்தி, தெளிவாகக் கேட்டாள். “பயமா இருந்துச்சுன்னு நான் சொன்னேன். பொய்தான். ஆனா நீ அதை எப்படி உடனே நம்பின? கைக்குழந்தையை வச்சுக்கிட்டு உன்னை அனுப்பினவ நான். உன் கை வெந்து நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, அடுத்த போனை எடுத்து ‘ஹெக்டர் ஓட்டுவான், வண்டி வரும்’னு சொன்னவ நான். இருபத்தாறு வருஷம் மறுக்காத வார்த்தை உன்னோடதுன்னு சொல்றியே... போனை எடுத்தது பாதி நாள் யாரு? அது என் வார்த்தையும்தான்! அதை நானே உடைச்சேன்னா, ஏதோ பெருசா இருக்கும்னு உனக்குத் தோணலையா? ‘ஏன்’னு ஒரு தடவை கேட்ட. ரெண்டாவது தடவை கேட்டிருக்கக் கூடாதா...”

ராய்ஸின் தாடை ஆடியது. அந்த மனிதர் அழுது ட்ரூடிகூடப் பார்த்ததில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“கேட்டிருக்கணும்... கேட்டிருக்கணும், நோரீன்.”

அவள் உடனே போய் அவரைத் தொடவில்லை. ஒரு வருஷத்தை ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுக்க அவளும் மனுஷிதானே? அவர் அழுது ஓயும்வரை நின்றாள். பிறகு அடுப்பிலிருந்து கெண்டியை எடுத்தாள். கொக்கியிலிருந்து பச்சைக் கோப்பையை எடுத்தாள். ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

அவர் குடித்தார்.

*

வானிலைக்காரன் சொன்னபடி மின்னல் வந்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு வடக்கு மலைமேல் மூன்று இடத்தில் புகை நின்றது. எல்லோரும் சமையலறையில் இருக்கும்போதே போன் அடித்தது.

ராய்ஸ் போனை எடுத்தார். அதன் முகத்தைப் பார்த்தார். நோரீனிடம் நீட்டினார்.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“வண்டி இருக்கா?” என்றது கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல்.

“இருக்கு.”

“எத்தனை பேர்?”

“மூணு.”

“பேர் சொல்லுங்க.”

ராய்ஸின் பெயரைச் சொன்னாள். ஹெக்டரின் பெயரைச் சொன்னாள். ஒரு விநாடி நிறுத்தி, தன் பெயரைச் சொன்னாள். மறுமுனையில் அந்தப் பெண் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். அவளுக்கு அது வெறும் பெயர்.

“ஒரு மணி நேரத்துல கிளம்புறோம்,” என்றாள் நோரீன்.

ட்ரூடி ரொட்டிக்குள் இறைச்சியை வைத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். நோரீனின் பொட்டலத்தில் மட்டும் இரண்டு துண்டு அதிகமாக வைத்தாள். “என் வாய் கொஞ்சம் நீளம்தான், நோரீன்... உள்ள ஒண்ணுமில்ல,” என்றாள், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. “தெரியும்,” என்றாள் நோரீன். அது முழு உண்மையில்லை. என்றாலும் பயணம் புறப்படும் நேரம்.

மஞ்சள் சட்டை அவளுக்குத் தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. டேரனின் சட்டை அது. அவனே பொத்தானைப் போட்டுவிட்டான். அவன் கை இப்போது நடுங்கவில்லை. கண்தான் நிலைகொள்ளவில்லை.

“எத்தனை நாள் ஆகும்மா?”

“பதினாலு. நீட்டினா இருபத்தொண்ணு.”

“போன் எடுக்குமா அங்க?”

“மலைக்கு அந்தப் பக்கம் எடுக்காது.”

“அப்ப... இங்க என்ன பண்றது? சும்மா உக்காந்திருக்கணுமா?” சமையலறையைச் சுற்றிப் பார்த்தான், முதல்முறை பார்ப்பவன் போல. “எப்படிம்மா இத்தனை வருஷம் இருந்தே?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. நீளமான பதில். வெளியே ராய்ஸ் மேபலை உயிர்ப்பித்துவிட்டார். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஹெக்டர், “ஏறுங்க தோன்யா, புதுசா வந்தவங்களுக்குப் பின் சீட்டுதான்!” என்று கத்தினான்.

அவள் மகனின் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கினாள்.

வண்டி வாசலைத் தாண்டித் திரும்பியபோது பக்கக் கண்ணாடியில் வீட்டுப்படி தெரிந்தது. டேரன் படியில் நின்று கையைத் தூக்கியிருந்தான். இருபத்தாறு வருஷம் அந்தப் படியில் நின்றவள் அவள். அங்கிருந்து பார்த்தால் வண்டி எப்படிச் சின்னதாகிக்கொண்டே போகும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே நிற்பவன் எப்படிச் சின்னதாகிப் போவான் என்பதை இன்றுதான் பார்த்தாள். ராய்ஸும் இத்தனை வருஷம் இதைத்தான் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். முன் சீட்டிலிருந்து அவர் கை பின்னால் நீண்டு வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் ட்ரூடி கழுவுதொட்டியின் குழாயைத் திறந்தாள். டேரன் வேகமாக உள்ளே வந்து குழாயை மூடினான்.

“விட்டுடு, அத்தை. கழுவாதே.”

தொட்டியோரத்தில் மூன்று கோப்பைகள் இருந்தன. பச்சைக் கோப்பை, கீறல் விழுந்த கோப்பை. மூன்றாவதில் மீன் படம் இருந்தது. அதன் விளிம்பில் அம்மாவின் உதடு பட்ட இடத்தில் காபி இன்னும் காயவில்லை.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தான்.